சாம்பல் நிரப்பிய தடுப்புச் சுவரும் மழைநீரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சரிவு மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவர்களின் பின்புறம் மண்ணுக்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பலையும் நெகிழிக் கழிவையும் நிரப்பலாம் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காப்பார், மஞ்சோங் போன்ற அனல்மின் நிலையங்களில் சாம்பல் சேர்ந்துகொண்டே இருக்கும் நம் மலேசியாவுக்கு இது பொருத்தமான யோசனைதான். சாம்பல் மண்ணைவிட எடை குறைந்தது என்பதால் சுவரைத் தள்ளும் பக்கவாட்டு அழுத்தமும் குறையும். நறுக்கிய நெகிழித் துண்டுகளைக் கலந்தால், அவை வேர்களைப் போல் துகள்களை நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளும். தில்லி ஓக்லா மேம்பாலத்தின் அணுகுசாலைக் கரையை 1990களிலேயே, நிரப்பிய மண்ணை வலுப்படுத்தும் ஜியோகிரிட் வலைகளை அடுக்கிச் சாம்பலால் நிரப்பிக் கட்டியிருக்கிறார்கள்.

கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன மழைநீரைப் பற்றியே எழுத விரும்புகிறேன். சற்றே ஈரமாக இருக்கும்போது இறுகி நிற்கும் சாம்பல், முழுவதும் நனைந்துவிட்டால் அந்தப் பிடிப்பை இழந்துவிடும். மிக நுண்ணிய துகள் என்பதால் ஓடும் நீர் அதை எளிதில் அரித்துக்கொண்டும் போகும். ஆயர் ஈத்தாமில் எங்கள் குடியிருப்பின் பின்னால் இருப்பது வெறும் மண் நிரப்பிய சுவர்தான். அதிலேயே நீர் வடியும் குழாய்களில் பாதி, புல்லும் சேறும் அடைத்துக் கிடக்கின்றன. கனமழைக்கு மறுநாள் குழாய் வாயில் ஒரு சொட்டும் வராமல், சுவரின் இணைப்புகள் வழியே செம்மண் நீர் கசிகிறது. 1993 டிசம்பரில் 48 உயிர்களைப் பலிகொண்ட ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி இடிந்த பேரிடரிலும், பின்புறச் சரிவின் வடிகால்களும் தடுப்புச் சுவர்களும் சரியாக இல்லாததே முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. ஆகவே சரளைக்கல் அடுக்கும், துகளை நிறுத்தி நீரை மட்டும் வெளியே விடும் வடிதுணியும் இல்லாத சாம்பல் சுவரை எந்தப் பொறியாளரும் அனுமதிக்கக் கூடாது.

வடியும் நீரும் சுத்தமாக இருக்க வேண்டும். சாம்பலில் ஆர்செனிக், செலினியம் போன்றவை இருக்கக்கூடும் என்பதால்தான் 2005ஆம் ஆண்டுக் கழிவு விதிமுறைகள் அதைத் தனிக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கின்றன. நெகிழியோ தொடர்ந்து இழுபட்டால் காலப்போக்கில் நீண்டுவிடும். எனவே நறுக்கிய பைகள், சோதித்துத் தயாரித்த ஜியோகிரிட்டுக்கு ஒருபோதும் ஈடாகா. விலை மலிவு என்று குத்தகையாளர்கள் இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வார்களோ என்பதே என் அச்சம்.

மாநகர் மன்றம் முதலில் சமதளப் பூங்காக்களில் தாழ்வான சுவர்களைக் கட்டி, சில மழைக்காலங்கள் கவனித்து, வடிநீர்ச் சோதனை முடிவுகளைப் பொதுமக்களுக்கு வெளியிடட்டும். வீடுகளுக்கு மேலுள்ள மலைச்சரிவுகளை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வடிகுழாய்களைத் துப்புரவு செய்யும் பொறுப்பு யாருடையது என்பதைக் குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு