செயின்சாவின் புது பார் வளைந்து அறுக்கிறதா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கும் மரம் அறுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

மரம் அறுக்கும் செயின்சா மெஷினின் பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு, பற்றி எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் பேசி வாட்ஸ்அப்பில் சுற்றும் ஆடியோ உங்களுக்கும் வந்திருக்கும். “புது பார்னு டூப்ளிகேட்டைத் தள்ளிவிட்டுட்டாங்க, மரத்துல வச்சா அறுப்பு வளைஞ்சு போகுது” என்கிறார். கடைப் பெயரைச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து வழி மட்டும் சொல்லியிருக்கிறார்!

அந்த பார் ஒரிஜினல், பில் இருக்கிறது. அவர் வாங்கியது பார் மட்டும், செயின் பழசு. அதையும் மாற்றிவிடுங்கள் என்றேன். “அரம் போட்டாச்சு, போதும்” என்றார். போட்டது உண்மைதான், ஆனால் ஒரு பக்கப் பற்கள் மட்டும் ராவி ராவிக் குட்டையாகியிருந்தன. பல் நீளமாக இருக்கும் பக்கம் கூடுதலாகக் கடிக்கும், அறுப்பும் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். இதற்கு பார் என்ன செய்யும்?

மெஷினை அவர் திரும்பக் கொண்டுவந்தபோது கழற்றிப் பார்த்தேன். புது பாரின் விளிம்பு நீலம் பாரித்துக் கிடந்தது. எண்ணெய் போகாமல் சூடேறினால் வரும் நிறம் அது. செயினுக்கு எண்ணெய் ஊற்றும் டேங்கில் இருந்தது வண்டியிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயில். அதிலுள்ள இரும்புத் துகள் பாரையும் தேய்க்கும், ஆயில் துளையையும் அடைக்கும். அவர் கண்ணெதிரே காட்டினேன். ஆடியோவில் அது மட்டும் வரவில்லை. விலை அதிகம் என்று திட்டியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன்.

எங்கள் கடையில் எந்த பாரையும் அப்படியே மாட்டித் தருவதில்லை. காடியை, அதாவது செயின் ஓடும் பள்ளத்தை, சுரண்டித் தூளை எடுப்போம். விளிம்பில் பிசிறு இருந்தால் தட்டை அரம் போடுவோம். பாரைக் கண்ணாடி மேல் நிறுத்திப் பார்ப்போம். சாய்ந்தால் ஒரு விளிம்பு தேய்ந்திருக்கிறது. நுனிச் சக்கரத்தை விரலால் உருட்டுவோம். செயின் கேஜும் (காடிக்குள் இறங்கும் பல்லின் தடிமன்) பார் கேஜும் (காடியின் அகலம்) ஒன்றுதானா என்றும் பார்க்க வேண்டும்: 1.6 மில்லிமீட்டர் காடியில் 1.3 செயினைப் போட்டால் ஆடத்தான் செய்யும்.

வீட்டில் மாட்டுகிறவர்கள் மெஷினை நிறுத்தி, ஆறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, செயின் பிரேக்கை விடுவித்துவிட்டு பக்க மூடியைக் கழற்றுங்கள். பாரையும் செயினையும் மாட்டும்போது மேல்பக்கப் பற்கள் பார் நுனியைப் பார்த்திருக்க வேண்டும். டென்ஷன் முளை (செயினை இறுக்க பாரை நகர்த்தும் முளை) பாரின் துளையில் உட்கார்ந்ததா என்று பார்த்து மூடியைப் போட்டு, நட்டுகளைக் கையால் மட்டும் திருகுங்கள். அப்புறம் பார் நுனியைத் தூக்கிப் பிடித்தபடியே, அடிப்பக்கம் செயின் பாரைத் தொடும்வரை டென்ஷன் ஸ்க்ரூவைத் திருப்பி, தூக்கிய கையை விடாமல் நட்டை இறுக்க வேண்டும். பலர் தூக்குவதே இல்லை. முதல் மரத்திலேயே செயின் தொங்கிவிடும். இறுக்கியபின் செயின் கையால் இழுத்தால் ஓட வேண்டும். மெஷினை ஓட்டி நுனியை வெள்ளைத்தாளுக்கு நேரே காட்டினால் எண்ணெய்ப் பொட்டு விழ வேண்டும். விழாவிட்டால் அறுக்காதீர்கள். செயின் மாற்றும்போதெல்லாம் பாரையும் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள், இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும்.

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளை அறுக்க மெஷின் எடுத்தவர்கள் இன்னும் எங்களிடமே வருகிறீர்கள். அந்த ஆடியோவைக் கேட்டதும் “அண்ணே, நாங்க இருக்கோம்” என்று போன் செய்தவர்களுக்கு என்ன நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

மெக்கானிக் தம்பி வெளிநாடு போய்விட்டதால் மதியத்துக்கு மேல் தரும் மெஷின் மறுநாள்தான் கிடைக்கும், பார் மாட்டித் தரும் கூலி இனி 150 ரூபாய். பார் வாங்க வரும்போது பழைய செயினையும் எடுத்து வாருங்கள், பல்லைப் பார்த்துச் சொல்கிறேன். அதற்குக் காசு இல்லை.

இப்படிக்கு,
கடை உரிமையாளர், பட்டுக்கோட்டை