லீன் என்று வந்தால் சென்சாரை மாற்றுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலால் வண்டிகள் கெட்டுப்போகின்றன என்று வாசகர்கள் எழுதும் கடிதங்களைத் தொடர்ந்து படித்துவருகிறேன். வத்தலக்குண்டில் பெட்ரோல் பிக்கப், மினி லாரிகளுக்கு வேலை பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். எத்தனாலுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. மைலேஜ் குறைவது உண்மைதான். பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் செக் என்ஜின் லைட் எரிந்து, பழுதுக் குறியீட்டைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில் பி0171 என்று வந்த உடனேயே பழியை எத்தனால் மேல் போட்டுவிட்டு, கூடவே ஆக்சிஜன் சென்சாரையும் மாற்றிப் பில் போடுகிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பி0171 என்றால் கலவை லீனாக இருக்கிறது, அதாவது காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு. அவ்வளவுதான். எந்தச் சாமான் போயிருக்கிறது என்று அந்த எண் சொல்வதே இல்லை. ஆக்சிஜன் சென்சார் சைலன்சர் வழியில் உட்கார்ந்துகொண்டு, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தகவல் சொல்கிற ஆள். 'பெட்ரோல் பத்தவில்லை' என்று சொன்னதற்காக அதைக் கழற்றி எறிந்தால் என்ன ஆகும்? புதுச் சென்சாரும் அதையேதான் சொல்லும்.

எத்தனால் கணக்கையும் பார்த்துவிடுவோம். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 10 விழுக்காடு கலந்தால் 14.1 போதும், 20 கலந்தால் ஏறக்குறைய 13.5. ஆக, 10இலிருந்து 20க்குப் போகும்போது என்ஜினுக்கு நான்கு விழுக்காடு போலக் கூடுதல் பெட்ரோல் தேவைப்படுகிறது. இதை வண்டியின் கம்ப்யூட்டர் தானே கூட்டிக்கொள்ளும். எத்தனை விழுக்காடு கூட்டியிருக்கிறது என்பதுதான் ஸ்கேனரில் ஃப்யூவல் டிரிம் என்று வரும் எண். பத்துக்குள் இருந்தால் நான் அலட்டிக்கொள்வதில்லை. 20, 25 என்று ஏறும்போதுதான் லைட் எரியும். நான்கை எத்தனால் கணக்கில் எழுதுங்கள், சரி. மீதி எங்கிருந்து வந்தது?

கொடைக்கானலுக்கு மளிகையும் சிமெண்டும் ஏற்றிப்போய், மன்னவனூர் பக்கமிருந்து கேரட், பூண்டு இறக்கிவரும் ஒரு பிக்கப் என்னிடம் வந்தது. சமதரையில் ஒரு குறையும் இல்லை. லோடோடு மலை ஏறினால் இழுவை செத்துவிடும், ஜெர்க் அடிக்கும், லைட் எரியும். வேறு இடத்தில் சென்சார், பிளக், காயில் எல்லாம் மாற்றியாகிவிட்டது. 'மேலே காற்று மெலிசு, அதனால் லீன் ஆகிறது' என்றும் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காற்று மெலிந்தால் பெட்ரோல்தானே மிஞ்சும்? கார்புரேட்டர் காலத்தில் மலையில் வண்டி ரிச் ஆகி, அதாவது பெட்ரோல் மிஞ்சி, கரும்புகை தள்ளியதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

ஐட்லிங்கில் டிரிம் ஒழுங்காகவே இருந்தது. பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜைக் கோத்து, கண்ணாடிக்கு வெளியே வைப்பர் கையில் கட்டிவிட்டு, லோடோடு காட் ரோட்டில் ஏறினோம். மூன்றாம் கியரில் மேடு பிடித்ததும் கேஜ் முள் மூன்றரை பாரிலிருந்து மெல்ல இறங்க ஆரம்பித்தது. டிரிம் மேலே, பிரஷர் கீழே. பம்ப் போதுமான பெட்ரோல் தள்ளவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. இந்த இடத்தில் பலரும் புதுப் பம்ப் வாங்கச் சொல்லிவிடுவார்கள். பம்ப் ஓடும்போதே மீட்டர் வைத்துப் பார்த்தால், பேட்டரியில் பதிமூன்றரைக்கு மேல் வோல்ட். பம்ப் கனெக்டரிலோ 11கூட முழுசாக இல்லை. சேஸில் பம்பின் எர்த் ஒயரை முடுக்கிய இடம் பச்சை பூத்திருந்தது. பின்னால் சரக்குத் தொட்டியில் ஏற்றும் நனைந்த மூட்டைகளிலிருந்து தண்ணீர் சரியாக அந்தப் போல்ட் மேல்தான் சொட்டும். தனியாக ஒரு ஒயரைப் பேட்டரி நெகட்டிவிலிருந்து இழுத்துப் பம்பின் எர்த்தில் பிடித்ததும் பம்ப் சத்தமே மாறியது. துருவைச் சுரண்டி, ஒயர் முனைக்குப் புது லக் அடித்து, கிரீஸ் தடவி, மேலே ரப்பர் மூடி போட்டோம். அதற்கப்புறம் மலையில் முள் அசையவில்லை. மாற்றிப்போட்ட சென்சாரின் விலையில் இந்த வேலை கால்வாசிகூட ஆகாது.

எல்லா வண்டியும் இப்படி இருக்காது. ஐட்லிங்கில் டிரிம் எகிறி, ஆக்சிலேட்டர் கொடுத்தால் இறங்கினால், என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கம் எங்கேயோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. வெடித்த ஹோஸ், பிரேக் பூஸ்டர் குழாய், மேனிஃபோல்ட் பேக்கிங் என்று தேட வேண்டும். புகை விட்டுப் பார்த்தால் சீக்கிரம் அகப்படும். இன்டேக்கில் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வைத்த வண்டிகளில் டிரிம் பெரிதாக அசையாமல் ஐட்லிங் மட்டும் ஏறி நிற்பதும் உண்டு. இன்னொன்று, ஸ்கேனர் லீன் என்கிறது, பிளக்கைக் கழற்றினால் கரியாக இருக்கிறது என்றால், ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வெளிக்காற்று அதன் வழியே உள்ளே போய் சென்சாரை ஏமாற்றும். கம்ப்யூட்டர் அதை நம்பித் தேவையில்லாமல் பெட்ரோலைக் கொட்டும்.

லீனாக ஓடுவதை இழுத்தடிக்கவும் கூடாது. லோடில் லீன் ஆனால் என்ஜின் தட்டும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும், மிஸ்ஸிங் தொடர்ந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் போய்விடும்.

வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சென்சாரை மாற்ற வேண்டும் என்றால், பழைய சென்சார் செத்திருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். சூடான என்ஜினில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் பெரும்பாலான சாதாரணச் சென்சார்கள் 0.8, 0.9 வோல்ட் வரை துள்ளும். துள்ளினால் உயிரோடு இருக்கிறது.

வண்டிக் கம்பெனிகளிடமும் ஒன்று கேட்கிறேன். டயருக்கு எவ்வளவு காற்று என்று கதவோரம் ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்கள். பெட்ரோல் லைனில் எவ்வளவு பிரஷர் இருக்க வேண்டும் என்ற எண்ணை மட்டும் ஏன் உங்கள் சர்வீஸ் சென்டருக்குள்ளேயே பூட்டி வைக்கிறீர்கள்? வண்டியோடு கொடுக்கும் கையேட்டில் அதை ஒரு வரி அச்சடித்தால், கேஜ் வைத்திருக்கும் எந்தப் பட்டறைக்காரரும் பார்த்துச் சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரர்,
வத்தலக்குண்டு.