வாட்டபாவைக் கிளறியவர்கள்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

உணவுகளின் பயணம் பற்றி நீ எழுதும் தொடரின் முதல் பகுதியை வாசித்தேன். 1492க்குப் பிறகு தக்காளியும் மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பிய கதையை அழகாகச் சொல்லியிருக்கிறாய். ஆனால் அதில் மாலுமிகளும் வணிகர்களும்தான் வருகிறார்கள். சமைத்தவர்கள் ஒருவரையும் காணோம். அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பிரேசிலின் பாஹியாவை எடுத்துக்கொள். தட்டைப்பயறை ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்து, செம்பனை எண்ணெயில் பொரிக்கும் அகராஜே அங்கே தெருவோரப் பண்டம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கடத்தப்பட்டவர்களோடு அது அட்லாண்டிக்கைக் கடந்தது. அதைப் பிளந்து, நடுவே வாட்டபா என்ற கெட்டிக் கூழை வைக்கிறார்கள். அந்தக் கூழில் என்னென்ன சேர்கிறது பார்: போர்த்துக்கீசியரின் ரொட்டி, ஆப்பிரிக்கப் பனை எண்ணெய், கடல் தாண்டி வந்த தேங்காயின் பால், தென்னமெரிக்க மண்ணுக்கே உரிய வேர்க்கடலையும் முந்திரியும், உலர்ந்த இறால். இத்தனையும் ஒரே சட்டியில் சேர்ந்தது எப்படி? அந்த அடுப்படியில் நின்றவர்கள், சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்ட பெண்களும் அவர்களுடைய மகள்களும்.

அடிமை முறை இருந்த நாளில் அவர்கள் தெருவில் பலகாரம் விற்று, வருமானத்தில் ஒரு பங்கை எஜமானருக்குக் கட்டினார்கள். மிச்சம் பிடித்த காசில் தங்கள் விடுதலையையே விலைகொடுத்து வாங்கியவர்களும் உண்டு. அதே அகராஜே, ஆப்பிரிக்க வழிவந்த கண்டோம்ப்ளே என்ற சமயத்தின் வழிபாட்டில் இயன்சா என்னும் காற்றுத் தெய்வத்துக்குப் படையல். இருபதாம் நூற்றாண்டிலும் போலீஸ் ஒடுக்கிய அந்தச் சமயம் பிழைத்துக் கிடந்ததில் அடுப்புக்கும் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

பெருவிலும் இப்படித்தான். 1849 முதல் கால் நூற்றாண்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் சீனர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். மாட்டிறைச்சியையும் தக்காளியையும் சோயா சாறு விட்டு வதக்கி, சோற்றோடு உருளைக்கிழங்கு வறுவலும் வைக்கும் லோமோ சால்தாதோ இன்று அந்த நாட்டுக்கே பொதுச் சொத்து.

1793இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வில்லியம் பிளை சீமைப்பலாக் கன்றுகளை ஜமைக்காவில் இறக்கியதையும் எழுதியிருக்கிறாய். தோட்ட அடிமைகளுக்கு மலிவான தீனி தேவைப்பட்டதால்தான் அந்தப் பயணமே நடந்தது. அதையும் சேர்த்துவிடு.

இரண்டாம் பகுதியில் பாஹியாவின் பெண்களுக்குத் தாராளமாக இடம் கொடு. இடம் போதாவிட்டால் கப்பல் தலைவர்களைக் குறைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்