முதுகுக்குக் கீழே கையை விட்டுப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சர்ஜிகல் வார்டில் நர்ஸ் டியூட்டி போட்டிருக்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். "பெட்டுக்கு ஒரு மானிட்டர் இருக்கும்மா, உங்க காலம் மாதிரி இல்ல" என்றும் சொன்னாய். சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் நம் வேலையில் பாதி, கேட்கிற விதத்தில்தான் இருக்கிறது. சாப்பாட்டை 6 மணி நேரம் முன்பும் வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், "ஒண்ணுமே சாப்பிடல சிஸ்டர்" என்பார்கள். நம் ஜனங்கள் கணக்கில் காபி சாப்பாட்டில் சேராது. ஒரு ஹெர்னியா பெரியவரை ட்ராலியில் ஏற்றும்போது குனிந்தேன். வாயில் காபி வாசனை. அப்படியே மயக்கம் கொடுத்து, வாந்தி நுரையீரலுக்குள் போயிருந்தால்? அன்றிலிருந்து "எழுந்ததிலிருந்து வாயில் என்னென்ன போச்சு?" என்றுதான் கேட்பேன்.

பெயரையும் அவர்களே சொல்லட்டும். "நீங்கதானே லட்சுமி?" என்றால் பயத்தில் இருக்கிறவர் எதற்கும் தலையாட்டுவார். ஆளும் ஆபரேஷனும் சரிதானா என்று சரிபார்க்கிற, உலக சுகாதார நிறுவனத்தின் 19 வரிப் பட்டியல் 2008-இல் வந்தது. எங்கள் வார்டுக்கு அது வந்தபோது, இன்னொரு பேப்பரா என்று எனக்கு எரிச்சல்தான். இப்போது அப்படி நினைக்கவில்லை.

தாலியைக் கழற்றச் சொன்னால் அழுவார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் கரண்ட் வைத்து அறுக்கும்போது தோல் வெந்துபோகலாம் என்று பொறுமையாகச் சொல். கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக் கழுத்தில் போட்டுவிட்டு, நகையை வீட்டுக்காரர்களிடம் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்கு. பல்செட் இருக்கிறதா என்று மருமகள் எதிரில் கேட்காதே.

அப்புறம், தியேட்டரிலிருந்து வந்த பிறகு. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், கிட்னிக் கல் எடுத்த ஒரு அம்மா, விலாவில் தையல். டிரெஸ்ஸிங் மேலே வெள்ளையாக இருந்தது. பி.பி. 110/70, சரியாகத்தான் இருந்தது. பல்ஸ் மட்டும் 88, 104, 118 என்று ஏறிக்கொண்டே போனது. வலியாக இருக்கும் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டேன். விரிப்பை மாற்றத் திருப்பிய ஆயாம்மாதான் கூப்பிட்டார். முதுகுக்கு அடியில் ரப்பர் ஷீட் முழுக்க ரத்தம். மறுபடி தியேட்டருக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டார். அவருக்கு அப்போது உன் வயதுதான் இருக்கும்.

ரத்தம் குறையக் குறைய இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டும், பி.பி. கடைசியில்தான் விழும். உன் மானிட்டரில் பல்ஸ் அலாரத்தை 120-க்கு வைத்திருந்தால் 118-க்கு அது வாயே திறக்காது. அதனால் முதல் ஒரு மணி நேரம், 15 நிமிஷத்துக்கு ஒரு தரம் போகும்போதெல்லாம் முதுகுக்குக் கீழே கையை விட்டுப் பார். கிளவுஸ் ஈரமாகிறதா, உள்ளங்கை சில்லென்று இருக்கிறதா, யூரின் பையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும்.

கெண்டைக்கால் வலிக்கிறது என்று யாராவது சொன்னால், சொந்தக்காரர்கள் தைலம் தேய்த்து நீவ வந்துவிடுவார்கள். விடாதே. உள்ளே ரத்தம் கட்டியிருந்தால், அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். முதலில் டியூட்டி டாக்டரைக் கூப்பிடு. குடல் மறுபடி வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள, "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்க உனக்குக் கூச்சமாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பாட்டிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் அடுத்த மாசம் 12-ஆம் தேதி. இரண்டு நாள் லீவு கிடைக்குமா என்று கேட்டுச் சொல். காபி குடித்தாயா என்று நான் கேட்டால் பொய் சொல்லுவாள். நீ கேட்டால் சொல்லிவிடுவாள்.

அம்மா