மூன்றாம் மாதத்து மாத்திரை

அன்பு மகளுக்கு,

போன வாரம் "இருமலே இல்லம்மா, நல்லாயிட்டேன்" என்றாய். காசநோய் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன்; நீ வேலையைப் பற்றிப் பேசினாய். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

இருமல் நின்றால் மருந்து வேலை செய்கிறது என்றுதான் பொருள். கிருமி தீர்ந்துவிட்டது என்று பொருளில்லை. உடலைக் காக்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல் கிருமியை விழுங்கி ஒரு சவ்வுப் பைக்குள் அடைக்கும். அந்தப் பை, செரிக்கும் நொதிகள் உள்ள லைசோசோம் என்ற இன்னொரு பையோடு இணைந்ததும் அமிலம் ஏறும்; ஏற ஏறக் குறையும் பிஹெச் அளவு 5 வரையோ அதற்குக் கீழேயோ இறங்கும். நொதிகள் கிருமியைச் சிதைக்கும். லிஸ்டீரியா என்ற கிருமி பையைக் கிழித்துக்கொண்டு தப்பிவிடும். காசநோய்க் கிருமிக்கு அந்த அவசரமில்லை. பி.டி.பி.ஏ. என்ற நொதியை அனுப்பி, அமிலம் ஏற்றும் பம்பு பையில் வந்து சேராமல் தடுக்கும். சாப்.எம். என்ற இன்னொரு நொதியால், லைசோசோமை வரவழைக்கும் கொழுப்புக் குறியைச் சவ்விலிருந்து அழிக்கும். பையின் பிஹெச் 6.2-க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். அங்கே கிருமி பிழைத்துக்கொள்ளும்.

குடலில் வாழும் ஈ. கோலை கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். சில கிருமிகள் பெருகுவதையே நிறுத்திவிட்டு, செல்லின் கொழுப்பைத் தின்று மாதக்கணக்கில் கிடக்கும். உன் மாத்திரையில் உள்ள ஐசோனியாசிட் மருந்து, செல்சுவர் கட்டிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் கொல்லும். சும்மா கிடப்பது அதற்கு அகப்படாது. சில இடங்களில் அமிலம் ஏறியிருக்கும்; அங்கே கிடப்பவற்றுக்கு முதல் 2 மாதம் பைராசினமைடு மருந்து. அவ்வப்போது விழிக்கும் மிச்சத்தை ரிஃபாம்பிசின்தான் தீர்க்க வேண்டும். அதற்குத்தான் அடுத்த 4 மாதம். சளியில் கிருமி இல்லை என்று அறிக்கை வந்தாலும் அந்த 4 மாதம் குறையாது.

வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பு போடு. குமட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடு; போடாமல் மட்டும் இருக்காதே. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது ரிஃபாம்பிசினால், பயமில்லை. கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார். பாதம் மரத்தால் பி6 வைட்டமின் வேண்டும் என்று கேள். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டு நாள் மாத்திரையையும் சேர்த்துப் போடாதே. பல நாள் விட்டுப்போயிருந்தால் நீயாகத் தொடங்காதே, நாட்களை எண்ணி மருத்துவரிடம் சொல். விட்டு விட்டுப் போட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். சித்தப்பா விஷயம் உனக்கே தெரியும்.

எவ்வளவு கசந்தாலும் முகம் சுளிக்காமல் மருந்து குடித்த பிள்ளை நீ. போடாமல் மட்டும் இருக்காதே.

இருமல் 2 வாரம் தாண்டியபோதே சளி பரிசோதனைக்குப் போ என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். போனில் 5 வாரம் அந்த இருமலைக் கேட்டேன். தூசி என்றேன். இவ்வளவும் தெரிந்த நான் தூசி என்றேன். நோய் இன்னதென்று தெரிந்த பிறகு, யாரிடமும் சொல்லாதே என்று உன் வாயை அடைத்ததும் நான்தான். அதனால்தான் இப்போது என்னிடமும் சொல்லாமல் இருக்கிறாயோ?

விட்டிருந்தால், எத்தனை நாள் என்று ஓர் எண்ணை மட்டும் அனுப்பு. வேறொன்றும் கேட்கமாட்டேன்.

அம்மா