பழைய காரை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழின் பத்தாண்டுகள் முடிந்தபின் அதைப் புதுப்பித்து, பழைய காரையே தொடர்ந்து பயன்படுத்தும் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. எங்கள் பேட்டையின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் அத்தகைய கார்களை இறகுத் துடைப்பத்தாலும் உலர்ந்த துணியாலும் துடைப்பவர்களைக் காலைவேளைகளில் காண்கிறேன். அக்கறையோடு செய்யும் வேலைதான் அது. ஆனால் காரின் பளபளப்பை அதுவே மெல்ல அழிக்கிறது.

வண்ணத்தின்மேல் உள்ள நிறமற்ற காப்புப்பூச்சு தலைமுடியைவிட மெல்லியது. மேலே படிந்திருக்கும் நுண்மணலை நனைக்காமல் தேய்க்கும்போது அந்தப் பூச்சில் நுண்கீறல்கள் விழுகின்றன. வெயிலில் பார்த்தால் அவை வலைப்பின்னல்போலத் தெரியும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு, ஒரு வாளியில் கார் ஷாம்பூவும் மற்றொன்றில் துணியை அலசச் சுத்தமான நீரும் வைத்துக்கொண்டு, கூரையிலிருந்து கீழ்நோக்கிக் கழுவி, சக்கரங்களைத் தனித் துணியால் கடைசியாகக் கழுவுவதே முறை. பாத்திரம் கழுவும் திரவம் மெழுகையும் சேர்த்து அகற்றிவிடும் என்பதால் அதைத் தவிர்க்கலாம். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துவோர் மைனாக்களின் எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். நம் வெயிலில் அதை ஒரு நாள் விட்டுவைத்தாலும் பூச்சில் தடம் பதிந்துவிடும்.

மஞ்சளித்த முகப்பு விளக்குகளை அழகுப் பிரச்சினையாக மட்டும் கருதக்கூடாது. அவற்றின் மூடி பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. புற ஊதாக் கதிர்களால் மேற்பூச்சு சிதைந்து மூடி மங்கும்போது இரவில் சாலையில் விழும் வெளிச்சம் குறைகிறது. பற்பசையால் தேய்த்தால் சிறிது காலமே தெளிவு நிற்கும். நீர் விட்டுத் தேய்க்கும் மென்மையான உப்புத்தாளால் படிப்படியாக மெருகேற்றி, இறுதியில் புற ஊதாக் காப்புப்பூச்சைத் தவறாமல் பூச வேண்டும். பத்தாண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு என்பதால், அதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. உள்ளே, மழையில் நனைந்த கால்மிதிகளை அன்றே எடுத்துக் காயவைத்தால் பூஞ்சை வாடை வராது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதியாகும். அங்கெல்லாம் மழைநீர் வடிகால்கள் நாம் குடிக்கும் நீர்த்தேக்கங்களுக்கே செல்கின்றன. நினைத்த இடத்தில் கழுவிச் சோப்பு நீரை வடிகாலில் விடாமல், கார் கழுவுவதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தையே பயன்படுத்த வேண்டும். அவ்விடங்களில் நல்ல வெளிச்சமும், அடைப்பின்றி நீர் வடியும் வசதியும் இருக்குமாறு நகர மன்றங்கள் பராமரிக்க வேண்டும் என்றும், சமூக மன்றங்கள் வாரயிறுதிகளில் கார் பராமரிப்புக்கான செய்முறை வகுப்புகளை நடத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்