பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள்: பொழுதுபோக்குப் பூங்கா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலும் அண்டை மாநிலங்களிலும் பொழுதுபோக்குப் பூங்கா நடத்திவரும் பெருமக்களுக்கும், தென்மாவட்டங்களில் புதிதாக ஒன்றைத் தொடங்கலாமா என்று நிலம் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும், பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியையின் வணக்கம்.

நான் அறிவியல் ஆசிரியை. பதினேழு ஆண்டுகளாக ஒன்பதாம் வகுப்பு மாணவிகளைச் சுற்றுலா அழைத்துப் போகிறவர்களில் ஒருத்தி. வீட்டில் 13 வயதில் மகளும் 7 வயதில் மகனும் உண்டு. 70 வயதைத் தொடும் என் மாமியார், பிள்ளைகளுக்கு ஆச்சி, எங்களோடு இருக்கிறார். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் வேன் பிடித்து மதுரைக்கும் கன்னியாகுமரிக்கும், இரவு பாலருவி ரயிலில் ஏறிக் கொச்சிக்கும் பூங்கா பார்க்கப் போவது வழக்கம். அப்படி மாணவிகளோடும் குடும்பத்தோடும் மாறி மாறிப் போய்வந்தவள் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

பெரிய பிள்ளைகளுக்கு இந்தப் பூங்காக்கள் இன்னமும் பிடிக்கின்றனவா என்று உங்கள் தொழிலில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் பெற்றோரும் கேட்கிறார்கள். பத்து வயது வரைதான் ராட்டினம், அதற்குப் பிறகு கைபேசிதான் என்று விடையையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். இன்னும் உயரமான, இன்னும் வேகமான ஒன்றைக் கோடிக்கணக்கில் செலவிட்டு இறக்கினால்தான் பதின்வயதுப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள் என்பது அந்த விடையின் தொடர்ச்சி. இரண்டையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆனித் தேரோட்டத்தையொட்டி நெல்லை டவுனில் நடக்கும் பொருட்காட்சிக்கோ, பாளையங்கோட்டைத் தசராவில் பன்னிரண்டு அம்மன் சப்பரங்களும் ஒன்றுகூடும் மைதானத்துக்கோ ஒரு மாலை வந்து பாருங்கள். ராட்சத ராட்டினம், கொலம்பஸ் கப்பல், டோரா டோரா, மரணக் கிணறு எல்லாம் நான் பாவாடை சட்டை போட்டிருந்த நாளில் பார்த்த அதே வகைச் சாமான்கள். பெயின்ட் மட்டும் புதிது. ஆனால் கப்பலின் இரண்டு ஓரங்களிலும் உள்ள கடைசி வரிசைக்கு முண்டியடிப்பவர்கள் 13 வயதுக்கும் 17 வயதுக்கும் இடைப்பட்டவர்கள்தாம். மரணக் கிணற்றின் மேல் விளிம்பில் நெஞ்சை அழுத்திக்கொண்டு ஒரு பையன் பத்து ரூபாய்த் தாளை உள்ளே நீட்டி நிற்பான். பலகைச் சுவரில் படுத்தவாக்கில் பைக்கில் சுற்றி வருகிறவர் மேலேறி வந்து அதை அவன் விரலிலிருந்து பறித்துக்கொண்டு இறங்குவார். அந்த ஒரு நொடிக்காக அவன் இரண்டாவது முறையும் டிக்கெட் எடுத்திருப்பான். பழையது என்பதால் பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள் என்றால் இந்தக் கூட்டம் எங்கிருந்து வருகிறது? நாட்டின் முதல் பொழுதுபோக்குப் பூங்கா என்று பேர்பெற்ற டெல்லி அப்பு கர் 1984இல் திறந்து 2008இல் மூடியதும் நிலத்தின் குத்தகை போனதால்தான், பிள்ளைகளுக்கு அலுத்துப்போனதால் அல்ல.

அப்படியானால் பொருட்காட்சியில் முண்டியடிக்கும் அதே பிள்ளை உங்கள் பூங்காவில் ஏன் உட்கார்ந்துவிடுகிறது?

உங்கள் தொழிலே ஒரு பெஞ்சில்தான் பிறந்தது என்று சொல்வார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் தம் இரு பெண்மக்களும் குடை ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தாம் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தபோது, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் இருக்கக் கூடாதா என்று தமக்குத் தோன்றியதாக வால்ட் டிஸ்னி பின்னாளில் சொன்னார். 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலாந்து திறந்தது. பெற்றோரைப் பெஞ்சிலிருந்து எழுப்புவதற்காக வந்த தொழில் இது. எங்கள் குடும்பங்கள் போகும் பூங்காக்களில் அந்தப் பெஞ்சு திரும்ப வந்துவிட்டது. இப்போது அதில் பதின்வயதுப் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பெஞ்சில் ஒரு மே மாதம் நானும் உட்கார்ந்தேன். எந்தப் பூங்கா என்பது இங்கே வேண்டாம். டிக்கெட் கவுன்டர் அருகே உயரம் அளக்கும் பலகை இருந்தது. சிறுவர் கட்டணத்துக்கான கோட்டை என் மகளின் தலை இரண்டு விரற்கடை தாண்டியதால் பெரியவர் கட்டணம் கேட்டார்கள். அது விதி, கொடுத்தோம். உள்ளே சிறுவர் பகுதியில், பெரிய பிள்ளை ஏறக் கூடாது என்று அவளை நிறுத்திவிட்டார்கள். பெரிய சவாரிகளில் தம்பியின் உயரம் போதவில்லை. தலைகீழாகச் சுற்றும் ஒன்றில் அவளும் அவள் அப்பாவும் ஏறினார்கள். அவருக்கு மயக்கம் வந்துவிட்டது, அதற்குப் பிறகு தனியாக ஏற அவளுக்கு மனமில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு வேப்பமரத்தடிப் பெஞ்சில் ஆச்சி, நான், மகள் மூவரும் வரிசையாக இருந்தோம். என் மடியில் ஐந்து பேரின் சாமானும் இருந்தது: இரண்டு மூக்குக்கண்ணாடி, ஒரு கைக்கடிகாரம், வீட்டுச் சாவி, ஈரத்துண்டு, காலடியில் செருப்புகள். அப்போதுதான் அவள் கைபேசியை எடுத்தாள். அந்த நேரத்தில் அவ்வழியே வந்த எவரும், பாருங்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பூங்காவும் பிடிக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

உயரக் கட்டுப்பாடு பாதுகாப்புக்கானது, அதைத் தளர்த்தும்படி நான் ஒருபோதும் கேட்க மாட்டேன். நான் கேட்பது, ஐந்து பேரும் ஒரே வண்டியில் ஏறத்தக்க சவாரிகள் எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்பதை. சிறுவர் பகுதி ஒரு மூலையில், தலைசுற்றும் சவாரிகள் மறு மூலையில், இடையில் சாப்பாட்டுக் கடைகள் என்று வகுத்துவிட்டால், வாசலில் ஒன்றாக நுழைந்த குடும்பம் பத்தாவது நிமிடத்தில் பிரிந்துவிடுகிறது. டிஸ்னிலாந்தில் 1977இல் திறந்த விண்வெளி மலைச் சவாரிக்கு 102 சென்டிமீட்டர் உயரம் போதும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் கல்லூரிக்குப் போகும் அக்காளும் ஒரே வண்டியில் ஏறலாம். அதன் வேகமும் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான், நான்குவழிச் சாலையில் எங்கள் டவுன் பஸ்ஸே அதற்குக் குறையாமல் போகும். ஆனால் அது கும்மிருட்டில் ஓடுகிறது. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாதபோது உடம்பு அந்த வேகத்தை இரட்டிப்பாக உணர்கிறது. இருட்டுக்கு மின்கட்டணமும் கிடையாது. அங்கேயே 1967இல் தொடங்கிய கடற்கொள்ளையர் படகுச் சவாரிக்கு உயர வரம்பே இல்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டும் அதற்கு மேலும் ஆகியும் அவற்றுக்கு வரிசை நிற்கிறது என்றால், குடும்பம் பிரியாமல் ஏற முடிவதும் அதற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது தண்ணீர். வெயில் காயும் சீமையில் பூங்காவின் பாதி நீர் விளையாட்டாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகள் நாற்பது பேரை அங்கே அழைத்துப் போய்ப் பாருங்கள்; பாதிப் பேர் கரையிலேயே நிற்பார்கள். பருத்தித் துணியின் நூற்பிசிறு வடிகட்டியை அடைக்கும் என்பதால் நைலான் உடைதான் வேண்டும் என்கிறீர்கள், நியாயம். அந்த உடை வாடகைக்குக் கிடைக்கும் இடத்தில் அளவு சரியாக இருப்பதில்லை; உடம்போடு ஒட்டுகிற அதைப் போட்டுக்கொண்டு, கைபேசியில் படம் எடுப்பவர்கள் நிற்கும் பாதையைக் கடந்து அலைக்குளத்துக்குப் போக அவர்கள் கூசுகிறார்கள். மாதவிலக்கு நாள் என்றால் காலை ஒன்பது மணியிலிருந்தே பெஞ்சுதான். உடை மாற்றும் அறையில் தாழ்ப்பாள் சரியில்லாமல் தோழி ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஒவ்வொரு சுற்றுலாவிலும் பார்க்கிறேன். இந்தப் பிள்ளைகளைத்தான், பூங்காவில் ஆர்வம் போய்விட்டது என்ற கணக்கில் நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள்.

இதே பெண்களைச் சாரல் காலத்தில் குற்றாலத்தில் பார்த்தால் அடையாளம் தெரியாது. பேரருவியில் பெண்கள் பக்கத்தில் சுடிதாரோடும் சேலையோடும், தலையில் எண்ணெயோடு, ஆச்சியும் பேத்தியும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரே தண்ணீருக்குள் நிற்கிறார்கள். அங்கே செருப்பைக் காவல் காக்க மட்டுமே ஒருவர் மாறி மாறி வெளியே வருகிறார். குற்றாலத்தோடு எந்தப் பூங்காவும் போட்டியிட முடியாது என்பது எனக்குத் தெரியும். என்றாலும் 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்ற பிறகு, பிள்ளைகளைப் பயமில்லாமல் நனைய விடத்தக்க இடத்தைத் தேடும் பெற்றோர் இங்கே பெருகியிருக்கிறார்கள். பெண்களுக்கெனத் தனிக்குளமும், முழுக்கை நைலான் உடை எல்லா அளவிலும், தாழ்ப்பாள் உள்ள கதவும், கைபேசி கொண்டுவரக் கூடாத எல்லையும் வையுங்கள். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு புதிய ராட்டினத்தின் விலையில் சிறு பங்குகூட இராது.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. பெரிய பிள்ளைக்குக் கையில் ஏதாவது செய்யக் கிடைக்க வேண்டும். பெல்ட்டைக் கட்டி உட்கார வைத்து, சுற்றிவிட்டு, இறக்கிவிடுகிற சவாரியில் ஏழு வயதுக்காரனுக்கும் பதினைந்து வயதுக்காரிக்கும் கிடைப்பது ஒன்றுதான். நெல்லையப்பர் கோயிலின் ஐந்து தேர்களும் நிலைக்கு வரும் வரை பள்ளிப் பிள்ளைகள் ரத வீதியை விட்டு நகருவதில்லை. வடத்தில் கை வைத்த பிள்ளைக்குத் தன் இழுப்பும் சேர்ந்துதான் தேர் அசைகிறது என்று தெரியும். உள்ளங்கை சிவந்திருப்பதை மறுநாள் வகுப்பில் நீட்டிக் காட்டுவார்கள். திருவிழாவைப் பூங்காவாக்கச் சொல்லவில்லை, அந்தப் பிள்ளையின் கை எதற்கு ஏங்குகிறது என்பதைச் சொல்கிறேன். சென்னை விஜிபி பூங்காவின் சிலை மனிதரை நினைத்துப் பாருங்கள். மீசையும் தலைப்பாகையுமாக அசையாமல் நிற்கும் ஒருவரைச் சிரிக்க வைக்க முயல்வது, அவ்வளவுதான் விளையாட்டு. அதில் எந்திரமும் இல்லை, உயரக் கோடும் இல்லை. ஆனால் அவர் முன் நின்று கோணங்கித்தனம் செய்யாத பதின்வயதுப் பிள்ளை உண்டா? கொக்கிரகுளத்தில் 1987 முதல் இருக்கும் மாவட்ட அறிவியல் மையத்தில் சுழற்றிப் பார்க்கவும் இழுத்துப் பார்க்கவும் வைத்திருக்கும் பொருள்களிடமிருந்து என் மாணவிகளைப் பிரித்து பஸ்ஸில் ஏற்றுவது ஒவ்வொரு முறையும் எனக்குப் பெரும்பாடாகிறது.

உங்களிடம் இதற்கான பொருள் ஏற்கெனவே இருக்கிறது, பூட்டி வைத்திருக்கிறீர்கள். காலையில் வாசல் திறக்கும் முன் ஒவ்வொரு சவாரியையும் வெறுமையாக ஓட்டிச் சரிபார்க்கிறீர்கள் அல்லவா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பார்க்கக் கொடுங்கள். தடை எங்கே பிடிக்கிறது, பெல்ட் பூட்டாவிட்டால் வண்டி ஏன் நகராது என்று உங்கள் டெக்னீஷியன் தம் வாயால் சொல்லட்டும். கொலம்பஸ் கப்பல் உச்சியில் ஒரு கணம் தயங்கும்போது வயிறு ஏன் மேலே எழும்புகிறது என்பதை நான் கரும்பலகையில் ஒரு மணி நேரம் சொல்லியும் புரியாத மாணவி, இறங்கி வந்து எனக்கே விளக்கிச் சொன்னாள்.

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூங்கா நுழைவுக்கு 28 விழுக்காடாக இருந்த சரக்கு மற்றும் சேவை வரி 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைந்தது என்று செய்தித்தாளில் படித்தேன். டிக்கெட்டில் அந்த மகிழ்ச்சி வெகுநாள் நீடிக்கவில்லை. என் மாணவிகளில் பலருடைய தாய்மார் பீடி சுற்றுகிறார்கள். சுற்றுலாப் பணத்தை மாதா மாதம் ஐம்பதும் நூறுமாகத்தான் கட்டி முடிக்கிறார்கள். ஏறவே போகாத ஆச்சிக்கும் முழுக் கட்டணம் வாங்குவது எந்தக் கணக்கில் சேரும்? அதைவிட எனக்கு உறுத்துவது சாப்பாட்டு விதி. சர்க்கரை நோய்க்காக ஆச்சி தூக்குச்சட்டியில் எடுத்து வந்த கேழ்வரகுக் களியை வாசலில் நிறுத்திவிட்டார்கள். மருத்துவச் சீட்டு இருந்தால் விடலாம் என்றார்கள். களிக்கு யார் சீட்டு எழுதித் தருவார்கள்?

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியவில்லை. அதே நாள் மாலை, வெளியேறும் வழியில், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு பழைய ராட்சத ராட்டினம் இருந்தது. எல்லா உயரத்தாரும் ஏறலாம் என்றார்கள். ஆச்சி வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்க, "ஆச்சி, நீங்களும் வாங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்" என்று என் மகள் கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டாள். ஒரே கூண்டில் ஐந்து பேர். உச்சியில் நின்றபோது ஆச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகா முருகா என்றார். தம்பி சிரித்துப் புரண்டான். மகளின் கைபேசி என் பைக்குள் கிடந்தது, அவள் கேட்கவே இல்லை. பகலெல்லாம் பெஞ்சில் இருந்த பிள்ளை அவள்தான்.

தைப் பொங்கல் கழிந்து எங்கள் ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலா வருகிறது. மாணவிகள் 42 பேர், உடன் வரும் ஆசிரியைகள் நால்வர். எந்தப் பூங்கா என்று இன்னும் முடிவாகவில்லை. நீர் விளையாட்டில் பெண்பிள்ளைகளின் உடைக்கு என்ன ஏற்பாடு, காலைச் சோதனை ஓட்டத்தைப் பார்க்க விடுவீர்களா, கட்டுச்சோறு கொண்டுவரலாமா என்ற மூன்றுக்கும் மார்கழிக்குள் பதில் எழுதும் பூங்காவுக்கே எங்கள் பஸ் புறப்படும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவின் வகுப்பாசிரியை,
பாளையங்கோட்டை.